பதினோரு டிகிரி

ஃப்ரிட்ஜின் மேலே இருந்த சின்னத் திரை பதினோரு டிகிரி என்றது. ஈரம் தொண்ணூறு.

நிபியா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். பதினோரு டிகிரி. ஈரம் தொண்ணூற்றொன்று. கண்ணாடியைத் துடைத்த நேரத்தில் ஒன்று ஏறியிருந்தது.

"பொண்ணுங்க செத்துப்போயிடும்!" என்று கத்தினாள். சமையலறையில் யாரும் இல்லை. இருந்தாலும் கத்தினாள்.

பொண்ணுங்க என்பது ஆறு கஞ்சாச் செடிகள். முற்றத்தைத் தாண்டிப் பின்சுவரை ஒட்டியிருந்த பழைய துணி துவைக்கும் அறையில் அவளுடைய கணவன் ரூபென் வளர்த்தவை. பெயர் கொடுத்துப் பதிவு செய்து, அந்த நாட்டுச் சட்டம் அனுமதித்த ஆறே ஆறு. மொந்தேவீதேயோவில் ஜூலை என்றால் நடுக் குளிர்காலம், ஒரு மனிதன் துணி காயவைப்பதே கஷ்டம். ரூபென் பூ காயவைக்கிறவன். வெளிச்சத்துக்கு விளக்கு, காற்றை வெளியே தள்ள ஒரு ஃபேன், உள்ளே சுற்றவைக்க ஒரு ஃபேன் என்று அந்த அறைக்கு அவன் செய்திருந்த வசதிகள் நிபியாவின் படுக்கையறைக்கு இல்லை. அறைக்குள் எங்கோ ஒரு சென்சார் இருந்தது. அது அளந்து அனுப்புவதைச் சமையலறைத் திரை காட்டும். மேல்வரி சமையலறை. கீழ்வரியின் ஓரத்தில் பிளாஸ்திரி ஒட்டி 'பொண்ணுங்க' என்று எழுதி வைத்திருந்தான்.

"இங்க ரொம்பப் புழுங்குதே" என்று அவள் எப்போதாவது அந்த அறைக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னால், "உன் தோல நம்பாத, நிபியா. நம்பர நம்பு" என்பான்.

பூ முற்றி அறுவடைக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் அந்த அறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். ஆம்புலன்ஸில் அவள் கையை இறுக்கிப் பிடித்து ஏதோ சொல்ல வாயசைத்தான். அவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"ஈரம் ஏறாம பாத்துக்கோ" என்றான்.

அடுத்த வார்த்தைக்காக அவள் ஆஸ்பத்திரி வாசல்வரை காதை எடுக்கவில்லை. அடுத்த வார்த்தை வரவில்லை.

ரூபெனின் அக்கா சுல்மாவால் இதை ஜீரணிக்கவே முடியவில்லை.

"வேற ஒண்ணுமே சொல்லலையா? உன்னப் பத்தி?"

"இல்ல."

"என்னப் பத்தி?"

"இல்ல சுல்மா."

"செத்துப்போன எங்கம்மாவப் பத்தியாவது?"

"ஈரத்தப் பத்தி மட்டும்தான்."

சுல்மாவுக்கு அடுத்த அதிர்ச்சி சவப்பெட்டியைத் திறந்து காட்டியபோது. தம்பிக்குக் கல்யாணக் கோட்டைப் போட்டு அனுப்புவார்கள் என்று நினைத்திருந்தாள். நிபியாவோ, ஆஸ்பத்திரியில் பையில் போட்டுக் கொடுத்த பழுப்பு நிற வரித்துணிக் கோட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அப்படியே சவ அடக்கக் கடைக்காரர்களிடம் நீட்டியிருந்தாள். அந்தக் கோட்டை ரூபென் செடி அறையிலும் போட்டான், பேரன் ஞானஸ்நானத்திலும் போட்டான்.

"என் தம்பிய இந்தக் கோட்டோடவா ஆண்டவர்கிட்ட அனுப்புற? வாசன தூக்குது!"

"அவனுக்குக் குளுரும் சுல்மா. அதுதான் கெட்டித் துணி."

சுல்மா அழ ஆரம்பித்துவிட்டாள்.

கல்லறைத் தோட்டம் தூரமில்லை. நிபியா வீட்டின் பின்சுவர்தான் அதன் பக்கச்சுவர். அந்தச் சுவரில் மாடம் மாடமாக அடுக்கி, பெட்டியைத் தள்ளி, வாயைச் செங்கல் வைத்துப் பூசிவிடுவார்கள். ரூபெனுக்குக் கிடைத்தது கீழிருந்து இரண்டாவது வரிசை. வீடு மாறினான் என்றுகூடச் சொல்ல முடியாது. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவன் அந்தப் பக்கம் போனான். செடி அறையின் காற்றை வெளியே தள்ளும் குழாயையும் அவன் அந்தச் சுவருக்கு மேலேதான் திருப்பி வைத்திருந்தான். "அந்தப் பக்கத்து ஆளுங்க இதுவரைக்கும் ஒரு புகார் சொன்னதில்ல" என்பது, யார் வந்தாலும் அவன் சொல்லும் நகைச்சுவை.

அவன் விழுந்த நாளிலிருந்து திரையின் கீழ்வரியில் எண் இல்லை. இரண்டு கோடுகள் மட்டும். நிபியா அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. அடக்கம் முடிந்து வீடு வந்து, தண்ணீர் குடிக்க ஃப்ரிட்ஜைத் திறந்தபோதுதான் பார்த்தாள். எண் திரும்பி வந்திருந்தது. யாரோ வாசலில் நின்று ஆறுதல் சொன்னதுபோல இருந்தது அவளுக்கு. அப்போது பதினேழு டிகிரி. மறுநாள் பதினான்கு. இன்று பதினொன்று.

நிபியா முற்றத்தைக் கடந்து ஓடினாள். ஈரம் வெளியிலிருந்துதானே வரும்? கதவிடுக்கில் துணி அடைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். காற்றை வெளியே தள்ளும் ஃபேனை நிறுத்தினாள். உள்ளே கதகதப்பாக இருப்பதுபோலத் தோன்றியது. தோலை நம்பவில்லை. திரும்பி வந்து நம்பரைப் பார்த்தாள்.

பதினொன்று. தொண்ணூற்றிரண்டு.

வால்டெமாருக்கு ஃபோன் போட்டாள்.

வால்டெமார் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ரூபெனுக்கு நண்பர், போட்டியாளர், எதிரி, எல்லாம். அவர் வீட்டிலும் ஆறு செடி. குளிர்காலம் முடியும்போது பேட்டையில் செடி வளர்க்கிறவர்கள் எல்லோரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விறகு மூட்டி இறைச்சி சுட்டு, அவரவர் காய்ந்த பூ போட்ட ஜாடியை மேசையில் வைத்துத் திறப்பார்கள். யாருடையது உசத்தி என்று இருட்டும்வரை சண்டை. ரூபென் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

அக்குளில் வெந்நீர் ஃபிளாஸ்க்கும் கையில் மாத்தே என்ற இலைத்தேநீர்க் குடுவையுமாக வந்த வால்டெமார் செடி அறைக் கதவைத் திறந்தார். குடுவையின் உறிஞ்சுகுழல் வாயிலேயே நின்றுவிட்டது.

"ஃபேன யாரு நிறுத்துனது?"

"நான்தான். குளுருதுன்னு..."

"நிபியா! ஆறு பேர ஒரு அலமாரிக்குள்ள போட்டுப் பூட்டுன மாதிரி இருக்கு! செடி குடிக்கிற தண்ணியெல்லாம் இலை வழியா வெளிய விடும். அது எங்க போகும்? பூவுக்குள்ள போகும். பூவுக்குள்ள சாம்பல் பூஞ்சை பிடிக்கும். வெளியப் பாத்தா ரோஜா மாதிரி இருக்கும், பிரிச்சுப் பாத்தா உள்ள எலி செத்த மாதிரி இருக்கும்."

நிபியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அழாத. நான் இருக்கேன்ல. மேசைல அவன் ஜாடி இல்லாம நாங்க எப்படி உக்கார்றது? யார்கூடச் சண்ட போடறது?" என்றார். மூக்கை உறிஞ்சினார். "இந்த ஈரத்துல மூக்கு வேற..."

ஃபேனை முழு வேகத்தில் வைத்தார். ஜன்னலைத் திறந்தார். தென்கிழக்குக் காற்று மழையோடு சேர்ந்து உள்ளே வந்து செடிகளின் தலையில் தட்டிவிட்டுப் போனது. ஆறு செடிகளின் மணமும் மொத்தமாகக் குழாய் வழியே சுவருக்கு அந்தப் பக்கம் கொட்டியது. அன்று அங்கே ஒரு அடக்கம் நடந்துகொண்டிருந்தது. சற்று நேரத்தில் கல்லறைத் தோட்டத்துக் காவலாளி வந்து மணியடித்தார்.

"அங்க ஒரு அம்மா கேக்குறாங்க" என்றார் சங்கடமாக. "அது என்ன பூவுன்னு. அவங்க புருஷன் மாடத்துலயும் அதே வைக்கணுமாம்."

திரையில் மாற்றமில்லை. பதினொன்று. தொண்ணூற்றிரண்டு.

"நம்பர் நகரலையே" என்றாள் நிபியா.

"இது இந்த ஊரு ஈரம். சுவருக்குள்ள போய் உக்காந்துக்கிச்சுன்னா சாமானியத்துல கிளம்பாது."

மறுநாள் சுல்மா டாக்ஸியில் வந்து இறங்கினாள். கூடவே சக்கரம் வைத்த கேஸ் அடுப்பு ஒன்றும் இறங்கியது. குளிர்காலத்தில் குளிர்காயக் கூடத்தில் உருட்டிக்கொண்டு போவார்களே, அது.

"என் தம்பி உயிர விட்டு வளத்தது. குளுர்ல சாக விடுவனா?" என்று சொல்லி அதைச் செடி அறைக்குள் தள்ளி மூன்று பர்னரையும் பற்றவைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் சுவர்கள் வியர்க்க ஆரம்பித்தன. பிறகு கூரை. பிறகு விளக்கின் கம்பியிலிருந்து சொட்டு சொட்டாக விழுந்தது. நிபியா குடையை எடுத்துக்கொண்டு போய் நடுவில் இருந்த செடிக்குப் பிடித்தாள்.

அப்போதுதான் வந்தார் வால்டெமார். வாசலிலேயே ஃபிளாஸ்க்கைக் கீழே போட்டார்.

"கேஸ் அடுப்பா! யாரு... கேஸ் எரிஞ்சா ஆவியாத் தண்ணி விடும்னு தெரியாதா? இந்த ஊர்ல பொறந்த பச்சக் கொழந்தைக்குத் தெரியும்!"

"எங்க வீட்ல வருஷக்கணக்கா எரியுது. தண்ணியும் விடல, ஒண்ணும் விடல" என்றாள் சுல்மா.

"உங்க வீட்டுச் சுவர் ஏன் கறுப்பா இருக்கு?"

"அது பெயிண்ட்டு."

"அது பூஞ்சை!"

"முப்பது வருஷம் பஸ்ஸ ஓட்டிட்டுப் பெரிய விஞ்ஞானி மாதிரி பேசாத. உன் பஸ்ல ஹீட்டர் போட்டாலும் போடாட்டியும் நாங்க வெறச்சுத்தான் போனோம்!"

நிபியா குடையைப் பிடித்தபடியே சமையலறைப் பக்கம் நடந்து திரையைப் பார்த்தாள். வெளியே அடைமழை.

"தொண்ணூத்தஞ்சு!" என்று அங்கிருந்தே கத்தினாள்.

"பாத்தியா!" என்றார் வால்டெமார் சுல்மாவிடம். வெற்றிபெற்ற ஆளின் குரல் இல்லை. முகம் வெளுத்திருந்தது.

கேஸ் அடுப்பு வெளியேற்றப்பட்டது. அதன் இடத்தில் இரண்டு கரண்ட் ஹீட்டர்கள் வந்தன. வால்டெமாரின் மச்சானிடமிருந்து ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று வந்தது. ஒரு பெட்டி அளவு, லாரி அளவு சத்தம். மூன்றையும் போட்டதும் வீடே அணைந்தது. மெயின் விழுந்துவிட்டது. தூக்கிவிட்டார்கள். மறுபடி விழுந்தது.

"எதையாவது அணைக்கணும்" என்றார் வால்டெமார். "வெந்நீர் டாங்க்?"

நிபியா வெந்நீர் டாங்க்கை அணைத்தாள். போதவில்லை. தன் அறை ஹீட்டரை அணைத்தாள். போதவில்லை. கொஞ்சம் யோசித்து ஃப்ரிட்ஜின் ஒயரைப் பிடுங்கினாள். செடி அறையில் எல்லாம் ஓடத் தொடங்கின. மேலே இருந்த திரை பேட்டரியில் ஓடுவது. அது மட்டும் ஃப்ரிட்ஜின் தலையில் உட்கார்ந்து பதினொன்று என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு அந்த வீடு இரண்டு நாடாக இருந்தது. முன்கட்டில் நிபியா இரண்டு ஸ்வெட்டர், ஒரு ஓவர்கோட், ரூபெனின் கம்பளித் தொப்பியோடு பச்சைத்தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு நடுங்கினாள். ஃப்ரிட்ஜில் இருந்த இறைச்சி கெடுவதற்குள் சுல்மா எல்லாவற்றையும் சமைத்துப்போட்டாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு வாசலிலேயே தட்டு நீட்டப்பட்டது. பின்கட்டில், கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் அனல். வால்டெமார் உள்ளே போகும்போது முதலில் கோட்டைக் கழற்றினார். அடுத்து ஸ்வெட்டர். அடுத்து சட்டை. கடைசியில் பனியனோடு நின்றார். வியர்வை மூக்கு நுனியில் சேர்ந்து மாத்தேக் குடுவைக்குள் சொட்டியது.

"எத்தன?" என்று முற்றத்தைப் பார்த்துக் கத்தினார்.

"பதினொன்னு!"

"அதான! எனக்கு உள்ளுக்குள்ள நடுங்குது."

"வால்டெமார், உனக்கு வேர்த்து ஊத்துது" என்றாள் சுல்மா.

"இது வேர்வ இல்ல. ஈரம். காத்துல இருக்கற ஈரம் வந்து என்மேல ஒட்டுது."

"தக்காளி மாதிரி மூஞ்சி செவந்திருக்கே?"

"ஈரக் குளுர்ல அப்படித்தான் செவக்கும். வறண்ட குளுர்னாத்தான் நீலமாகும்."

அந்த ஊரில் இதற்கு யாரும் எதிர்ப்பேச்சு பேச மாட்டார்கள். அங்கே முட்டி வலித்தால் ஈரம், கதவு மூடாவிட்டால் ஈரம், பையன் பரீட்சையில் கோட்டை விட்டால் ஈரம். சுல்மாகூட, "என்னவோ, போ" என்று முந்தானை இல்லாத குறைக்கு ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

செடிகளின் இலைகள் ஓரத்தில் சுருண்டு, படகுபோல மேலே வளைந்தன. நுனி பழுப்பானது. நிபியா பதறிப்போய்க் காட்டினாள்.

"குளுர்ல மனுஷன் கைய மடக்கிக்க மாட்டானா? அதான்" என்றார் வால்டெமார். இன்னொரு ஹீட்டர் கொண்டுவந்தார். நிபியா சமையலறை விளக்கையும் அணைத்தாள்.

ஒருநாள் மாலை சுல்மா வந்தபோது சமையலறை இருட்டாக இருந்தது. நிபியா ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். திரையின் வெளிச்சம் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"இன்னுமா குளுருது?" என்று அவள் திரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "என்னால வேற என்ன செய்ய முடியும், சொல்லு. எல்லாத்தையும் உனக்குத்தான் போட்டிருக்கேன். ஒரே ஒரு டிகிரி ஏறு. ஒண்ணே ஒண்ணு. நான் தூங்குவேன்."

திரை பதினொன்று என்றது.

சுல்மா சத்தமில்லாமல் வெளியே போய், கதவைத் தட்டிவிட்டு மறுபடி உள்ளே வந்தாள். ஒன்றும் கேட்காததுபோல விளக்கைப் போட்டாள். மெயின் விழுந்தது.

மறுநாள் காலையில் செடி அறையில் தண்ணீர் ஊற்றப் போன சுல்மாவுக்குத் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து முற்றத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வால்டெமார்!" என்றாள். "உன் வீட்டு மெஷினக் கொண்டு வா."

"எந்த மெஷின்?"

"டிகிரி பாக்கற மெஷின். உன் செடிக்கு வச்சிருப்பேல்ல."

"அத எப்படி எடுக்கறது? என் பொண்ணுங்களும் பூ வச்சிருக்கு. நம்பர் இல்லாம ஒரு மணி நேரம்னாலும்..."

"நான் இங்க வெந்து செத்தா உனக்குச் சம்மதமா?"

"நம்பர் தப்பு சொல்லாது சுல்மா. ரூபெனே சொல்லுவான்."

"ரூபென் எனக்குத் தம்பி. சின்ன வயசுல அவன் சொன்னத நம்பித்தான் கூரைல இருந்து குதிச்சுக் கால ஒடச்சுக்கிட்டேன். போய் எடுத்துட்டு வா!"

வால்டெமார் முணுமுணுத்துக்கொண்டே போய், தன்னுடைய அளவுகோலைக் கைக்குட்டையில் சுற்றி, குழந்தையைத் தூக்கிவருவதுபோலத் தூக்கிவந்தார். செடி அறையின் நடுவில் வைத்தார். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

எண் ஏறியது. இருபத்தெட்டு. முப்பத்திரண்டு. முப்பத்தேழில் நின்றது. ஈரம் இருபத்தாறு.

மெஷின் மட்டும் லாரிபோல உறுமியது.

"முப்பத்தேழா?" என்றார் வால்டெமார். குரல் பெண்பிள்ளைக் குரலாக வந்தது.

"இது வேர்வதான்" என்றாள் சுல்மா, அவர் பனியனைக் காட்டி.

அடுத்த நிமிடம் வால்டெமார் ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கினார். ஹீட்டர்கள் அணைந்தன. மெஷின் அணைந்தது. கதவு, ஜன்னல் திறக்கப்பட்டன. அவர் ஒரு பூவைப் பிரித்துப் பார்த்தார். அடுத்த பூ. அடுத்த செடி. நிபியா கண்ணை மூடிக்கொண்டாள்.

"சொல்லு."

"இல சில போயிடுச்சு. ஓரமெல்லாம் கருகியிருக்கு." அவர் ஆறாவது செடியின் உச்சிப்பூவை முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். "ஆனா ஒரு பொட்டுப் பூஞ்சை இல்ல, நிபியா. இந்த வருஷம் இந்த ஊர்ல பூஞ்சை படாத பூ இதுவாத்தான் இருக்கும். பாலைவனத்துல வளந்த மாதிரி இருக்கு. ஐயோ, பாவி ஜெயிக்கப்போறான்!"

நிபியா அந்த ஈரமில்லாத தரையில் உட்கார்ந்து அழுதாள். "ஈரம் ஏறாம பாத்துக்கச் சொன்னான்" என்றாள். "ஏறலல்ல?"

"ஏறல. சத்தியமா ஏறல."

சுல்மா முற்றத்தைக் கடந்து போய்ச் சமையலறைத் திரையை எடுத்துவந்தாள். பதினோரு டிகிரி. தொண்ணூற்று மூன்று.

"அப்ப இது யாரோட நம்பர்?" என்று கேட்டாள்.

எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். விளக்குக்குப் பக்கத்தில், இலைகளுக்கு நடுவே, நூலில் கட்டி ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி தொங்கியது. சென்சார் அதுவாகத்தான் இருக்கும் என்று நிபியா முதல் நாளே காட்டியிருந்தாள். ரூபென் எதையும் தொடாதே என்று சொல்லியிருந்ததால் யாரும் தொடவில்லை.

"பேட்டரி போயிருக்கும்" என்றார் வால்டெமார். நூலை அவிழ்த்து, பெட்டியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நிபியாவைப் பார்த்தார்.

அது சோப்புப் பெட்டி. உள்ளே நாலு சிகரெட்டும் ஒரு லைட்டரும் இருந்தன. கடையில் விற்கும் சாதாரணப் புகையிலைச் சிகரெட்.

நிபியாவின் அழுகை பாதியில் நின்றது.

"விட்டுட்டேன்னானே! டாக்டர் முன்னால சத்தியம் பண்ணானே! நெஞ்சுல கை வச்சு..."

"கஞ்சாவ நடு வீட்ல வளத்துட்டு, சிகரெட்ட ஒளிச்சு வச்சிருக்கான்" என்றாள் சுல்மா. அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள். பிறகு ஒரு சிகரெட்டை எடுத்துப் பற்றவைத்துக்கொண்டாள்.

"சரி, சென்சார் எங்க?" என்றார் வால்டெமார். திரையைக் கையில் வாங்கி உற்றுப் பார்த்தார். "சிக்னல் கோடு எல்லாம் முழுசா இருக்கு. அப்படின்னா பக்கத்துலதான் இருக்கணும். ரூபென் விழுந்தப்ப கைல வச்சிருந்தானா?"

"அன்னிக்கு அத எடம் மாத்தணும்னு காலைல சொல்லிட்டிருந்தான்" என்றாள் நிபியா.

"எடுத்து எங்கயோ வச்சிருக்கான். யோசிப்போம். குளுரா இருக்கற எடம். ராவும் பகலும் மாறாத எடம். வெளிச்சம் படாது. மழை பெஞ்சா ஈரம் ஏறும்."

"தொட்டிக்குக் கீழ" என்றாள் சுல்மா.

பார்த்தார்கள். இல்லை. மூடிக்கிடந்த பழைய மழைநீர்த் தொட்டியைத் திறந்து வால்டெமார் தலைகீழாகத் தொங்கினார். இல்லை. துணி துவைக்கும் கல்லைப் புரட்டினார்கள். செடித் தொட்டி ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தார்கள். பின்சுவரை ஒட்டி நடக்க நடக்கச் சிக்னல் இன்னும் உறுதியாக நின்றது. வால்டெமார் திரையைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "இங்கதான் எங்கயோ இருக்கு, சத்தியமா இங்கதான்" என்று செங்கல் செங்கலாகத் தட்டினார்.

வாசல் மணி அடித்தது.

சவ அடக்கக் கடையிலிருந்து வந்திருந்தான், கறுப்பு டையும் மெலிந்த கழுத்துமாக டெல்மிரோ என்ற ஊழியன். கையில் ஒரு சின்னப் பை. நிபியா அவனைப் பின்கட்டுக்கே கூட்டிவந்துவிட்டாள். பனியனோடு சுவரைத் தட்டிக்கொண்டிருந்த பெரியவரையும், கருகிய செடிகளுக்கு நடுவே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த அம்மாவையும் அவன் பார்த்தான். அவன் தொழிலில் எதையும் பார்த்து முகம் மாறக் கூடாது. மாறவில்லை.

"தாமதத்துக்கு மன்னிக்கணும்மா. ஐயாவோட சாமான். மோதிரம், மூக்குக்கண்ணாடி. உடுத்திவிட்டப்ப எடுத்து வச்சது." பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். "இது கோட்டோட வலது பாக்கெட்ல இருந்துச்சு. கூர்மையா இருக்கேன்னு வெளிய எடுத்துட்டோம்."

அது ரூபெனின் சின்னக் கத்தரிக்கோல். இலை நறுக்குவது. பிசின் ஒட்டியிருந்தது. நிபியா அதை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

சுவரைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. வால்டெமார் மெதுவாகத் திரும்பினார்.

"இடது பாக்கெட்ல?" என்று கேட்டாள் நிபியா.

டெல்மிரோ டையைச் சரிசெய்துகொண்டான். முதல்முறையாக அவன் முகம் மாறியது.

"அதுல சின்னதா ஒரு வெள்ளப் பொட்டி இருந்துச்சும்மா, அப்பப்ப செகப்பா மினுக்கிக்கிட்டு. நெஞ்சுக்கு வச்ச மெஷின்னு நெனச்சோம்... அது இன்னும் ஓடிட்டிருக்கறப்ப எடுக்க எங்களுக்கு மனசு வரல, அவரோடவே விட்டுட்டோம்."